படியில் சிக்கிய சோபா

துப்பறியும் நாவலுக்கென்று ஒரு தர்மம் உண்டு. முதல் அத்தியாயத்தில் யாராவது ஒருவர் உயிரிழந்து கிடக்க வேண்டும். அடுத்த சில அத்தியாயங்களில் வீட்டிலுள்ள அத்தனை பேர் மீதும் சந்தேகம் விழ வேண்டும். கடைசியில், நாம் கனவிலும் கருதாத ஆசாமியைத் துப்பறிவாளர் சுட்டிக் காட்ட வேண்டும். இதற்கிடையில் ஒரு துரும்பு அசைந்தாலும் அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும். காரணமில்லாமல் ஒரு ஜன்னல் திறந்து கிடந்தால்கூட வாசகர் ஆசிரியரை மன்னிக்க மாட்டார்.

ஹாஸ்ய நாவலின் தர்மமோ இதற்கு நேர் விரோதமானது. அங்கே சம்பவங்கள் காரணமில்லாமல் நிகழ வேண்டும். கனவான் ஒருவர் ஸ்நான அறைக்குள் எட்டிப் பார்த்தால், அங்கே ஒரு குதிரை நிற்க வேண்டும். அது எப்படி வந்தது என்று விளக்கத் தொடங்கினோமானால், சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

ஆகவே, ஹாஸ்யமும் துப்பும் ஒரே நூலில் குடித்தனம் செய்வது அவ்வளவு எளிதன்று. பெரும்பாலான ஆசிரியர்கள் துப்பறிவாளரைக் கோமாளியாக்கிவிட்டு, கதையை வழக்கமான பாதையிலேயே நடத்திச் செல்வார்கள். இரண்டு தர்மங்களையும் மெய்யாகவே ஒன்றாக்கிக் காட்டியவர்கள் வெகு சிலர். அவர்களில் ஒருவர் டக்ளஸ் ஆடம்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர். 1987-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட "டர்க் ஜென்ட்லீஸ் ஹோலிஸ்டிக் டிடெக்டிவ் ஏஜென்ஸி" என்னும் நாவலையும், அதை ஆதாரமாகக் கொண்டு டெலிவிஷனில் வந்த இரண்டு தொடர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஒரு நல்ல நூலைப் படமாக்கும்போது எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது என்று நாம் கருதுகிறோம்.

நூலும் ஆசிரியரும்

ஆடம்ஸ் 1952-இல் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தவர். அங்கேயே செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்தவர். பி.பி.ஸி. ரேடியோவுக்கு அவர் 1978-இல் எழுதிய விண்வெளி ஹாஸ்ய நாடகம் அவருடைய புகழை உலகெங்கும் பரப்பிற்று. மறு வருஷம் "டாக்டர் ஹூ" என்னும் டெலிவிஷன் தொடருக்குக் கதைப் பொறுப்பாளராக இருந்தார். அப்பொழுது அவர் எழுதிய "ஷாடா" என்ற கதை, வேலை நிறுத்தம் ஒன்றின் காரணமாகப் பாதிப் படப்பிடிப்போடு நின்று போயிற்று. அந்தக் கதையில் வந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒருவரையும், அதே ஆண்டில் எழுதிய இன்னொரு கதையில் வந்த ஒரு விண்கப்பலின் வெடிப்பையும் எடுத்துத்தான் இந்த நாவலை அவர் புனைந்தார். டெலிவிஷனிலிருந்து பிறந்த நூல் மறுபடியும் டெலிவிஷனுக்குப் போக வேண்டியதாயிற்று என்பது வேடிக்கையான விஷயமல்லவா?

நாவலின் பெயரில் உள்ள "ஹோலிஸ்டிக்" என்ற சொல்லுக்கு, ஒன்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாராமல் முழுமையாகப் பார்ப்பது என்று பொருள். டர்க் ஜென்ட்லி என்னும் துப்பறிவாளனின் சித்தாந்தம் அதுவே. உலகத்தில் எந்தப் பொருளும் தனித்து நிற்கவில்லை. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் பிணைந்திருக்கிறது. ஆகவே கைரேகையையும் சிகரெட் சாம்பலையும் ஆராய்வதில் பிரயோஜனமில்லை என்பது அவன் கட்சி. கிழவி ஒருத்தியின் காணாமற்போன பூனையைத் தேடுவதற்காகப் பஹாமாத் தீவுகளுக்குப் போய் வந்ததாகச் சொல்லி, அந்தச் செலவையும் அவள் கணக்கில் எழுதி வைக்கிறான். அவன் ஞானியா, எத்தனா? இந்தச் சந்தேகத்தை ஆசிரியர் கடைசி வரையில் தெளிவிக்காமல் வைத்திருக்கிறார்.

கதையின் ஆரம்பத்தில் பல விஷயங்கள் சம்பந்தமில்லாமல் சிதறிக் கிடக்கின்றன. ரிச்சர்ட் மக்டஃப் என்ற கம்ப்யூட்டர் நிபுணனுடைய வீட்டு மாடிப்படியில் ஒரு சோபா சிக்கிக் கொண்டிருக்கிறது. அது மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அது அங்கே வந்து சேர வழியே இல்லை என்று அவனுடைய கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லுகிறது. கல்லூரி விருந்து ஒன்றில் வயதான பேராசிரியர் ஒருவர் வெள்ளி உப்புக் கிண்ணம் ஒன்றை மறையச் செய்து, சிறுமி ஒருத்தி கொண்டு வந்த பழைய மண் கலயத்தை உடைத்து, உள்ளேயிருந்து அதை எடுத்துக் கொடுக்கிறார். அவருடைய ஸ்நான அறையில்தான் மேலே சொன்ன குதிரை நிற்கிறது. அதே விருந்தில் கோலரிட்ஜ் என்னும் ஆங்கிலக் கவியின் "குப்ளா கான்" பாடலை வாசிக்கிறார்கள். அதற்கு இரண்டாவது பாகமும் இருப்பதாகக் கதை சொல்லுகிறது. நாம் அறிந்த உலகிலோ அந்தப் பாடல் 54 வரிகளோடு குறையாக நின்றது. போர்லக் என்ற ஊரிலிருந்து ஏதோ காரியமாக வந்த ஒருவர் இடையிலே புகுந்து கெடுத்துவிட்டதாகக் கவியே எழுதி வைத்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் படிக்கும்போது, ஆசிரியர் மனம் போன போக்கில் வேடிக்கை செய்கிறார் என்றுதான் தோன்றும். டர்க் ஜென்ட்லியே வெகு பக்கங்கள் கழித்துத்தான் மேடைக்கு வருகிறான். ஆனால் கதை முடியும் தறுவாயில், சிதறிக் கிடந்தவை ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் போய் உட்காருகின்றன. பேராசிரியரின் அறையே ஒரு கால யந்திரம். உப்புக் கிண்ணத்தை அவர் கடந்த காலத்துக்கு எடுத்துச் சென்று கலயத்துக்குள் வைத்துச் செய்வித்தார். அந்த அறையின் கதவு ஒரு கணம் மாடிப்படியருகே திறந்திருந்ததால்தான் சோபா அங்கே வந்து சிக்கியது. காரணமில்லாதது என்று எண்ணி நாம் எதைப் பார்த்துச் சிரித்தோமோ, அதுவே துப்பாக முடிகிறது. இரண்டு தர்மங்களும் ஒன்றான ரகசியம் இதுதான்.

சிரிப்பின் அடியில் ஒரு துக்கம்

நூலின் சிறப்பு இவ்வளவோடு நிற்கவில்லை. அதில் ஒரு மின்சாரச் சந்நியாசி வருகிறார். துணி துவைக்க ஒரு யந்திரம், பாத்திரம் கழுவ ஒரு யந்திரம் என்று வைத்துக் கொள்வதைப் போல, வேற்றுலகத்தார் நம்பிக்கை கொள்வதற்கென்று ஒரு யந்திரத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். நாம் நம்ப வேண்டிய சங்கதிகளையெல்லாம் அது நமக்காக நம்பிவிடும். நமக்குச் சிரமம் மிச்சம். பழுதடைந்து போன இந்தச் சந்நியாசி, கார்டன் வே என்ற கம்ப்யூட்டர் முதலாளியை எவ்வித விரோதமும் இன்றிச் சுட்டுக் கொன்றுவிடுகிறது. பெருந்தனக்காரரான அவர் ஆவியாகத் திரிந்து, ஒரு வார்த்தை பேச முடியாமல் தவிப்பதை ஆசிரியர் வேடிக்கையாகவே எழுதுகிறார். படிப்பவர் நெஞ்சில் அது முள்ளைப் போல் தைக்கிறது.

இதைவிடப் பெரிய ஆவி ஒன்றும் உண்டு. சுமார் நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன் வேற்றுலகத்தாரின் கப்பல் ஒன்று பூமியில் இறங்கியது. அதன் பொறியாளர் தாம் பரிசோதிக்க வேண்டிய வேலையை ஒரு மின்சாரச் சந்நியாசியின் நம்பிக்கையில் விட்டுவிட்டார். கப்பல் வெடித்தது. அத்தனை பேரும் மாண்டார்கள். அந்தப் பொறியாளரின் ஆவி அன்று முதல் இந்தப் பூமியில் அலைந்து கொண்டிருக்கிறது. கால யந்திரத்தின் உதவியால் பின்னோக்கிச் சென்று, தன்னுடைய அந்த ஒரு கணத்து அஜாக்கிரதையைத் திருத்திவிட வேண்டும் என்பதே அதன் ஏக்கம்.

இதைக் கேட்டு யார்தான் இரங்க மாட்டார்கள்? டர்க்கும் அவன் கூட்டாளிகளும் உதவவே முன்வருகிறார்கள். பிறகுதான் உண்மை புலப்படுகிறது. அந்த வெடிப்பிலிருந்துதான் பூமியில் உயிர் தோன்றியது. அது நிகழாமற்போனால் புல் பூண்டு இல்லை, பூனை இல்லை, மனிதனும் இல்லை. ஒரு துயரத்தைத் துடைத்தால் உலகமே துடைக்கப்பட்டுவிடும். அந்த ஆவியை எப்படித் தடுப்பது? கோலரிட்ஜின் பாடலில் அதன் சாயை படிந்திருக்கிறது. ஆகவே டர்க் கடந்த காலத்துக்குச் சென்று, கவியின் வாசற்கதவைத் தட்டி, வீண் பேச்சுப் பேசி, பாடல் முற்றுப் பெறாமல் செய்துவிடுகிறான். மனித குலம் பிழைத்தது. அதற்கு விலையாக ஒரு கவிதையின் பாதி போயிற்று.

ஊருக்குத் திரும்பிய டர்க், பூனைக்காரக் கிழவியின் கணக்கைத் திருத்தி எழுதச் செய்கிறான். மனித குலத்தை அழிவிலிருந்து காப்பாற்றியதற்கு மட்டும் கட்டணம் கிடையாது! சிரிக்கிறோம், சிரித்து முடித்ததும் மனம் கனத்துப் போகிறது. நம்பிக்கையைக்கூட யந்திரத்தின் பொறுப்பில் விட்டுவிட்டால் என்ன ஆகும், ஒருவருடைய சிறு அசட்டைக்கு எத்தனை பேர் விலை கொடுக்க நேரும் என்ற கேள்விகள் எஞ்சி நிற்கின்றன. நூலின் உயிர் இந்தக் கேள்விகளில் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

முதல் தழுவல்

2010-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பி.பி.ஸி.யின் நான்காவது சானல் ஒரு மணி நேரப் படமாக இதை ஒளிபரப்பியது. எழுதியவர் ஹோவர்ட் ஓவர்மன். டர்க் வேஷத்தில் ஸ்டீபன் மாங்கனும், மக்டஃப் வேஷத்தில் டாரன் பாய்டும் நடித்தார்கள். இது வரவேற்கப்பட்டதால், 2012 மார்ச்சில் மேலும் மூன்று பாகங்கள் வந்தன. அத்துடன் தொடர் நின்றுவிட்டது.

நூலில் உள்ள டர்க் சற்றுப் பருத்த தேகி. பொருந்தாத உடையும், கனத்த மூக்குக் கண்ணாடியும், சிவப்புத் தொப்பியும் அணிந்தவன். மாங்கனோ உயரமான, சுருட்டை மயிர்க்காரர். தோற்றத்தில் ஒற்றுமையில்லை, ஆனால் இதை நாம் ஒரு குறையாகச் சொல்ல மாட்டோம். கடன்காரருக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது, வாயாடியே பிறர் பணத்தில் காலம் தள்ளுவது, அவ்வளவுக்கும் நடுவே திடீரென்று மெய்யான ஒரு பொறி தட்டுவது ஆகிய டர்க்கின் குணங்களை அவர் அழகாகப் பிடித்திருக்கிறார். பாய்டின் அப்பாவி முகமும் அதற்குச் சரியான ஜோடி. ஞானியா, எத்தனா என்ற சந்தேகம் இந்தப் படத்திலும் உயிரோடிருக்கிறது.

கதையின் சங்கதி வேறு. பூனை தேடும் கிழவி இருக்கிறாள். காணாமற்போன கார்டன் வே இருக்கிறார். கால யந்திரமும் இருக்கிறது. இவை மூன்றும் ஒரே முடிச்சில் சேர்ந்து அவிழ்வதும் சாமர்த்தியமாகவே இருக்கிறது. ஆனால் மின்சாரச் சந்நியாசி இல்லை, பேராசிரியர் இல்லை, கோலரிட்ஜ் இல்லை, நானூறு கோடி ஆண்டு ஏங்கிய ஆவியும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள், சொற்பச் செலவில், இவ்வளவையும் அடக்க முடியாது என்பது நியாயமே. சிறு வீட்டுக்குக் குடி போகிறவர்கள் பெரிய கட்டிலை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இங்கே விட்டுவிட்டுப் போன பொருள் கட்டில் அல்ல, குலதெய்வம் என்பதுதான் வருத்தம். துப்பறிவாளன் கிடைத்தான், அவன் எதற்காகத் துப்பறிந்தானோ அந்தப் பெரிய கேள்வி கிடைக்கவில்லை. முடிச்சு அவிழ்ந்ததும் மனம் லேசாகிவிடுகிறது. நூலைப் படித்து முடிக்கும்போது அது கனத்தது.

இரண்டாவது தழுவல்

2016 அக்டோபரில் பி.பி.ஸி. அமெரிக்கா என்னும் சானலில் மற்றொரு தொடர் ஆரம்பமாயிற்று. மற்ற நாடுகளில் நெட்ஃப்ளிக்ஸ் மூலம் வந்தது. மாக்ஸ் லாண்டிஸ் உருவாக்கிய இத்தொடர் முதல் பருவத்தில் 8, இரண்டாவதில் 10, ஆக 18 பாகங்களோடு 2017 டிசம்பரில் முடிவுற்றது. டர்க்காக ஸாமுவேல் பார்னெட் நடித்தார். கேம்பிரிட்ஜ் போய் அமெரிக்காவின் ஸீயட்டில் நகரம் வந்தது. மக்டஃபுக்குப் பதிலாக டாட் பிராட்ஸ்மன் என்ற ஹோட்டல் சிப்பந்தி வந்தான். இந்த வேஷத்தை எலைஜா வுட் ஏற்றார். கதை முற்றிலும் புதியது. நூலிலிருந்து எடுத்துக் கொண்டது துப்பறிவாளனின் பெயரும் சித்தாந்தமும்தான் என்று சொன்னால் அதிகம் தவறில்லை.

டர்க்கின் குணமும் மாறிவிட்டது. இங்கே அவன் எத்தன் அல்லன். பிரபஞ்சம் தன்னை இழுத்துச் செல்லுகிறது என்று மெய்யாகவே நம்பும் ஒரு குழந்தை உள்ளம் படைத்தவன். சிறு வயதில் அரசாங்க ரகசிய இலாகாவினர் தன்னை அடைத்து வைத்துச் சோதனை செய்த வடு உள்ளவன். நூலை நேசிப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். அவனிடத்தில் இருந்த இனிய சந்தேகம் போய்விட்டது. இரத்தமும் கூச்சலும் வேறு அதிகம். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கதன்று என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறோம்.

இவ்வளவு விலகிப் போன இந்தத் தொடரில் இரண்டு விஷயங்கள் நம்மை வியப்பில் ஆழ்த்தின. முதலாவது: ஸீயட்டில் தனவந்தர் ஒருவர் ஹோட்டலில் கொலையுண்டு போகிறார், அவருடைய பெண்ணைக் காணவில்லை. டர்க்கும் டாட்டும் அவளை ஊரெல்லாம் தேடுகிறார்கள். அவளுடைய ஆன்மாவோ ஒரு குட்டைக் கால் நாயின் உடம்புக்குள் மாற்றப்பட்டிருக்கிறது. அந்த நாய் அவர்கள் கண்ணெதிரேயே இருந்து வருகிறது. நாய் வந்த காட்சிகளில் நாம் சிரித்துக் கொண்டிருந்தோம், அதுவே துப்பு! படியில் சிக்கிய சோபாவை ஆடம்ஸ் எப்படி ஒளித்து வைத்தாரோ, அப்படியே நாயையும் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது அதைவிட முக்கியமானது. டாட்டின் தங்கைக்கு ஒரு விசித்திரமான நரம்பு நோய். இல்லாத நெருப்பு தன்னைச் சுடுவது போலவும், இல்லாத கத்தி தன்னை அறுப்பது போலவும் மெய்யாகவே துடிப்பாள். அதே நோய் தனக்கும் முன்பு இருந்து குணமானதாக டாட் சொல்லி வந்திருக்கிறான். உண்மையில் அவனுக்கு நோயே வந்ததில்லை. வியாதியென்று பொய் சொல்லிப் பெற்றோரின் பணத்தையெல்லாம் கரைத்துவிட்டான். தங்கைக்கு மெய்யாகவே வந்தபோது வீட்டில் காசு இல்லை. இந்தப் பொய் வெளியாகும் காட்சி, தொடரில் உள்ள எந்தக் கொலையையும்விட நெஞ்சைப் பதற வைக்கிறது. முதல் பருவத்தின் முடிவில் அந்த நோய் அவனையே வந்து பற்றுகிறது.

எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற வாக்கியத்தை 2010-ஆம் ஆண்டுப் படத்தில் டர்க் சொல்லும்போது, அது ஒரு சாமர்த்தியக்காரனின் வியாபாரத் தந்திரமாகக் காதில் விழுகிறது. டாட்டின் கதையிலோ அதே வாக்கியம் ஒரு தீர்ப்பாக ஒலிக்கிறது: நீ செய்தது உன்னோடு நிற்காது, அது எங்கேயோ யாரையோ சென்று தாக்கும், பிறகு உன்னையும் தேடி வரும். கப்பலை வெடிக்க விட்ட பொறியாளரின் ஆவி நானூறு கோடி ஆண்டுகளாக உணர்ந்து வருந்திய உண்மை இதுவேயல்லவா?

எது உண்மையான தழுவல்?

ஒரு நூலைப் படமாக்குவதில் இரண்டு விதமான விசுவாசம் உண்டு. பெயர், ஊர், உடை, சம்பவம் ஆகியவற்றைக் காப்பாற்றுவது ஒன்று. அந்த நூல் எந்தக் கேள்வியைக் கேட்டதோ அதை மறுபடியும் கேட்பது மற்றொன்று. பி.பி.ஸி.யின் படம் முதலாவதில் ஓரளவு வெற்றி பெற்றது. டர்க்கின் நடையும் பேச்சும் அதில் கிடைக்கின்றன. அமெரிக்கத் தொடர் முதலாவதைக் காற்றில் பறக்கவிட்டு, இரண்டாவதில் எதிர்பாராத வெற்றியை அடைந்தது. இரண்டில் எது நூலுக்கு நெருங்கியது என்று கேட்டால், தயக்கத்தோடுதான் என்றாலும், தூரமாகப் போனதுபோல் தோன்றும் அமெரிக்கத் தொடரையே நாம் சொல்லுவோம்.

ஆனால் இரண்டுக்கும் எட்டாத பொருள் ஒன்று உண்டு. அது ஆசிரியரின் குரல். மின்சாரச் சந்நியாசியை ஒரு நடிகருக்கு வேஷம் போட்டுக் காட்டிவிடலாம். பாத்திரம் கழுவும் யந்திரத்தோடு அதை ஒப்பிட்டு, மிகவும் சகஜமான விஷயத்தைச் சொல்வது போல் ஒரு வாக்கியத்தை எழுதி, அதைப் படிப்பவர் சிரித்துவிட்டு, "நாமும் இப்படித்தானே செய்கிறோம்?" என்று திடுக்கிடும்படி செய்கிறாரே, அந்த வித்தையை எந்தக் காமிராவும் பிடிக்க முடியாது. 2007-இல் பி.பி.ஸி. ரேடியோ ஹாரி என்ஃபீல்டை டர்க்காகக் கொண்டு இதே நாவலை ஆறு பாகங்களில் நாடகமாக்கியது. அது நாவலின் கதையையே பின்பற்றிச் சென்றது. கேட்பவரின் கற்பனைக்கு இடம் விட்டது. இருந்தாலும், வாக்கியத்தின் சுவை வாசிப்பவனுக்கு மட்டுமே உரியது.

ஆடம்ஸ் 2001-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் தேதி கலிபோர்னியாவில், 49-ஆவது வயதில் காலமானார். டர்க்கைப் பற்றி 1988-இல் இரண்டாவது நாவல் ஒன்று எழுதியிருந்தார். மூன்றாவது முற்றுப் பெறவில்லை. எழுதி வைத்திருந்த அத்தியாயங்களை மட்டும் 2002-இல் அச்சிட்டார்கள். பாதியில் நின்ற கவிதையைப் பற்றிக் கதை புனைந்தவரின் கதையே பாதியில் நின்று போயிற்று.

ஆங்கிலம் படிக்கத் தெரிந்த நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான். முதலில் நூலைப் படியுங்கள். பாதி வரையில் ஒன்றும் விளங்காது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் சிரித்துக்கொண்டே செல்லுங்கள். முடித்த பிறகு முதல் ஐம்பது பக்கங்களை மறுபடியும் படித்துப் பாருங்கள். முன்பு சிரித்த இடங்களில் இப்பொழுது காரணங்கள் தெரியும். அதன் பின்னர் படங்களைப் பாருங்கள். சோபாவை மாடிப்படியில் சிக்க வைப்பது எவ்வளவு எளிது, அதை வெளியே எடுப்பது எவ்வளவு கடினம் என்பது அப்பொழுது நன்றாக விளங்கும்.